வந்தால் என்பதும் வந்தால்தான் என்பதும்

சென்ற கோடை விடுமுறையில் சித்தூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் குறித்தார்கள். நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டியிருந்தது. வயதான மேஸ்திரி ஒருவர் ஒரு மூலையில் குந்தி அமர்ந்தார். ஒரு நூலில் 3 அடி அளந்து அடையாளம் வைத்தார். மற்றொரு நூலில் 4 அடி அளந்து அடையாளம் வைத்தார். பிறகு இரண்டு அடையாளங்களுக்கும் குறுக்கே டேப்பைப் பிடித்தார். 5 அடிக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. முளையைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி அடித்து மீண்டும் அளந்தார். இம்முறை 5 அடி வந்தது. நான் அருகே சென்று காரணம் கேட்டேன்.

"அஞ்சு வந்தா மூலை மட்டம், தம்பி. வரலைன்னா மட்டமில்லை. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா? அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இரண்டு தேற்றங்கள் அடங்கிக் கிடக்கின்றன. கணிதத்தைப் பாடமாக எடுத்துப் படிக்கும் நான் அவற்றைப் பிரித்தறிய அன்று இரவு வரை சிந்திக்க வேண்டியிருந்தது. படியாதவர் பிசகாமல் சொன்னதைப் படித்தவன் குழப்பிக்கொண்டது ஏன்? இக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. வடிவ கணிதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று இப்பேச்சு. மேடையேறும் தமிழ் மாணவர் ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. எப்படி என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அந்த இரண்டு வாக்கியங்களைப் பார்ப்போம். பைதகரசின் தேற்றம் கூறுவது யாது? ஒரு முக்கோணத்தின் ஒரு கோணம் செங்கோணமானால், அதன் எதிர்ப் பக்கத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். செங்கோணம் என்பது தரவு. வர்க்கங்களின் சமன்பாடு என்பது முடிவு. மேஸ்திரியிடம் செங்கோணம் தரவாக இல்லை. அதைத் தேடித்தான் அவர் குந்தியிருக்கிறார். அவரிடம் இருப்பவை 3, 4, 5 என்ற அளவுகள் மட்டுமே. 9-உம் 16-உம் 25 ஆவதைக் கொண்டு மூலை செங்கோணம் என்கிறார். இது பைதகரசின் தேற்றம் அன்று, அதன் மறுதலை. "கட்டடக்காரர்கள் பைதகரசின் தேற்றத்தைப் பயன்படுத்துகிறார்கள்" என்று வகுப்பில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முதல் வாக்கியத்தைப் பொறுத்தவரை அது பிழை.

இரண்டாம் வாக்கியமோ வேறு. 5 வராவிட்டால் மட்டமில்லை. செங்கோணமானால் 5 வந்தே தீரும் என்பது பைதகரசின் தேற்றம். வரவில்லை. ஆதலால் செங்கோணம் இல்லை. முடிவு பொய்த்தால் தரவும் பொய்த்தது என்னும் முறை இது. பைதகரசின் தேற்றம் வேலை செய்வது இங்கேதான். முளையைப் பிடுங்கச் சொன்னது தேற்றம். மீண்டும் பிடுங்க வேண்டாம் என்று சொன்னது மறுதலை.

ஒன்றை நிறுவிவிட்டால் மற்றது தானே வந்துவிடாதோ என்று கேட்கலாம். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யூக்ளிட் அப்படி எண்ணவில்லை. தம் நூலின் முதற் பகுதியில் 47-ஆம் தேற்றமாகப் பைதகரசினுடையதை நிறுவினார். அதன் மறுதலையை 48-ஆம் தேற்றமாகத் தனியே நிறுவினார். அப்பகுதி அத்துடன் முடிகிறது. இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது 5-ஆம் தேற்றம்; அடிக்கோணங்கள் சமமானால் பக்கங்கள் சமம் என்பது 6-ஆம் தேற்றம். ஒன்றின் நிறுவலை மற்றதற்குக் கடன் கொடுக்க அவர் இசையவில்லை.

இன்னும் வியப்பான சான்று ஒன்று உண்டு. இரு கோடுகளை ஒரு குறுக்குக்கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் அக்கோடுகள் இணைகோடுகள். இது 27-ஆம் தேற்றம். இணைகோடுகளானால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது 29-ஆம் தேற்றத்தில் வருகிறது. கேட்கும் செவிக்கு இரண்டும் ஒன்றேபோல் ஒலிக்கும். ஆனால் முன்னதை நிறுவ யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள் தேவையில்லை. பின்னதை நிறுவ அதுவரை தொடாத அந்த எடுகோளை அவர் முதன்முதலாகக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்தாம் எடுகோளை ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்று 19-ஆம் நூற்றாண்டில் உருசியாவின் உலொபசேவ்சுகியும் அங்கேரியின் போயாயும் ஆராய்ந்தார்கள். புதிய வடிவ கணிதமே பிறந்தது. அதில் 27-ஆம் தேற்றம் நிற்கிறது; 29-ஆம் தேற்றம் நிற்கவில்லை. ஒரு கூற்றுக்கும் அதன் மறுதலைக்கும் நடுவே ஓர் உலகமே இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மறுதலை மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இரு முக்கோணங்கள் சர்வசமமானால் அவற்றின் பரப்புகள் சமம். பரப்புகள் சமமானால் அவை சர்வசமமா? 6-உம் 8-உம் செங்கோணப் பக்கங்களாக உடைய முக்கோணத்தின் பரப்பு 24. அடி 12-உம் உயரம் 4-உம் உடைய முக்கோணத்தின் பரப்பும் 24. ஒன்றன்மேல் ஒன்றை எப்படி வைத்தாலும் பொருந்தா. ஒரே ஓர் எதிர்க்காட்டு, மறுதலை மாய்ந்தது.

மீண்டும் மேஸ்திரியிடம் வருவோம். அவர் நான்கு மூலைகளையும் பார்த்த பின்னர் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்தார். இறுதியில் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தார். இடத்துக்கு உரியவர் பொறுமையிழந்து, "மூலைவிட்டத்தை மட்டும் அளந்தால் போதாதா? செவ்வகத்துக்கு இரண்டும் சமமாயிற்றே" என்றார். செவ்வகமானால் மூலைவிட்டங்கள் சமம் என்பது மெய். மூலைவிட்டங்கள் சமமானால் செவ்வகம் என்பது பொய். முறத்தைப் போல ஒரு பக்கம் அகன்று எதிர்ப்பக்கம் குறுகிய வடிவத்திலும், சாய்ந்த பக்கங்கள் இரண்டும் சமமானால், மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். எதிர்ப் பக்கங்களும் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்று இரண்டும் கூடினால்தான் செவ்வகம் உறுதி. மறுதலையை நம்பி அவசரப்பட்டிருந்தால் அந்த வீடு முறம்போல் எழுந்திருக்கும்.

நிற்க. நாம் பள்ளியில் இவற்றைக் கற்கவில்லையா? கற்றோம். ஆனால் எப்படிக் கற்றோம்? தேற்றத்துக்கு எண் இட்டு, தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று நான்கு தலைப்புக் கொடுத்து, நெட்டுருச் செய்தோம். படத்தில் எழுத்துகளை மாற்றிப் போட்டால் நம்மிற் பலருக்கு நிறுவல் மறந்துவிடும். நான் படித்த பள்ளியில் ஒரு தேர்வில் மறுதலையை நிறுவுமாறு கேட்டிருந்தார்கள். வகுப்பில் பாதிப்பேர் தேற்றத்தையே எழுதினோம். பலருக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. அன்று மகிழ்ந்தேன். இன்று நினைத்தால் அந்த மதிப்பெண் எனக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்றே தோன்றுகிறது.

இந்தப் பிழை நம்மூர்ப் பிழை மட்டும் அன்று. 1966-இல் பீட்டர் வேசன் என்னும் ஆங்கிலேய உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். அதை நம் எழுத்தில் இப்படிச் சொல்லலாம். மேசைமேல் நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிவன அ, க, 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்தானால் மறுபக்கம் இரட்டை எண்" என்பது விதி. விதி மெய்யா என்று அறிய எந்தச் சீட்டுகளைப் புரட்ட வேண்டும்? பெரும்பாலோர் அ-வையும் 4-ஐயும் புரட்டுகிறார்கள். 4-இன் பின்புறம் எது இருந்தாலும் விதி கெடாது. புரட்ட வேண்டியவை அ-வும் 7-உம். 7-இன் பின்னால் உயிரெழுத்து ஒளிந்திருந்தால் விதி உடைந்தது. படித்தவர்களே இதில் மிகப் பெரும்பாலும் தவறினார்கள்.

ஆனால் 1982-இல் அமெரிக்காவில் இருவர் அதே சோதனையை வேறு உடையில் நடத்தினர். "ஒருவர் பீர் குடித்தால் அவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும்" என்பது விதி. யாரைச் சோதிக்க வேண்டும்? பீர் குடிப்பவரின் வயதையும், வயது நிரம்பாதவரின் குவளையையும். நால்வரில் மூவர் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தர்க்கம் ஒன்றே, பழகிய பொருளில் வந்தபோது மனம் வழுக்கவில்லை. இதனால்தான் மேஸ்திரி தவறவில்லை, நாம் தவறினோம். அவருக்கு அது பழகிய பொருள். நமக்கு அது பரீட்சைத் தாள்.

அப்படியானால் நமக்குப் பழகிய பொருள் எது? நம் தாய்மொழி. "படித்தால் தேறுவாய்" என்று அம்மா சொல்கிறாள். படிப்பு போதும் என்பது பொருள். வேறு வழியே இல்லை என்று அவள் சொல்லவில்லை. "படித்தால்தான் தேறுவாய்" என்கிறாள். இப்போது படிப்பின்றித் தேர்ச்சி இல்லை. ஆனால் படித்தவுடன் தேர்ச்சி உறுதி என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. "படித்தாலும் தேறமாட்டாய்" என்றால் கதையே வேறு! ஆல், ஆல்தான், ஆலும் என்ற மூன்று ஈறுகளில் தமிழ் மூன்று தர்க்க உறவுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த வேறுபாடு செவியில் உறைக்கும். வகுப்பறையில் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம். மூலைவிட்டங்கள் சமமானால்தான் செவ்வகம்; சமமானாலே செவ்வகம் அன்று. இப்படி ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனை குழப்பம் தீர்ந்திருக்கும்! தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பாடம் படிக்கும் சித்தூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, வீட்டில் பேசும் மொழியில் இந்த ஒரு வரியையேனும் சொல்லிக் கொடுக்கத் தடை எதுவுமில்லை.

தர்க்கம் மேனாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் காஞ்சியில் அளவை நெறியை உபதேசிக்கிறார். எவ்வெவ் வகையில் வாதம் பழுதுபடும் என்று ஒரு காதையே விரிக்கிறது. நாம் வாழும் திருப்பதியிலோ, 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் நியாய சாத்திரம் கற்பிக்கிறார்கள். அச்சாத்திரத்தின் பழைய எடுத்துக்காட்டு எல்லார்க்கும் தெரியும். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டோ? இல்லை. கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பாருங்கள் என்கிறார்கள் நியாய ஆசிரியர்கள். நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும் என்று விடுபட்ட நிபந்தனையையும் எடுத்துக்காட்டுகிறார்கள். யூக்ளிட் செங்கோணத்தில் காட்டியதை இவர்கள் உலைக்களத்தில் காட்டினார்கள்.

இனி, பின்னர்க் கூறுவேன் என்று முன்பு சொன்னதற்கு வருகிறேன். தமிழ் மாணவர் கூடும் மேடைகளில் வட எல்லையைப் பற்றிப் பேச்சு எழாத ஆண்டு இல்லை. எழட்டும், எழ வேண்டும். சித்தூரும் திருப்பதியும் இருக்கும் இந்த நிலத்தில் ஏறத்தாழ 110 ஆண்டுகளில் நான்கு முறை கோடு கிழித்திருக்கிறார்கள். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள். 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பின், படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இந்த வரலாறு நெஞ்சைத் தொடாத தமிழ் மாணவர் இரார். என் நெஞ்சையும் தொடுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: இதைப் பேசும்போது நாம் தவறான கணக்குப் போடலாகாது.

மேடையில் கேட்கும் வாதம் ஒன்று. "தமிழர் நிலமாயின் தமிழ்க் கல்வெட்டு இருக்கும். திருமலைக் கோயிலில் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் உள்ளன. ஆகவே இது தமிழர் நிலம்." கையொலி வானைப் பிளக்கிறது. நண்பர்களே, இது மறுதலை! சீனத்துச் சுவான்சௌ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது இருக்கிறது. தமிழ் வணிகர் சென்றார்கள், பொறித்தார்கள். அவ்வூர்களைத் தமிழர் நிலம் என்போமா? திருமலைக் கல்வெட்டுகள் வலிய சான்றுதான். அவற்றின் தொகையும் தொடர்ச்சியும் ஆராயத் தக்கவை. ஆனால் சான்று வேறு, நிறுவல் வேறு. பனம்பாரனார் தொல்காப்பியப் பாயிரத்தில் வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுகிறார். ஆகவே வேங்கடம் நம்முடையது என்பது மற்றொரு வாதம். எல்லை என்பது கோடு. கோடு எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதை எல்லை என்ற சொல் மட்டும் தீர்மானிக்காது. அதற்கு வேறு ஆதாரம் காட்ட வேண்டும்.

எதிர்த்தரப்பு மட்டும் என்ன வாழ்ந்தது? "தமிழ் ஊராயிருந்தால் 1960-இல் அந்தப் பக்கம் போயிருக்கும். போகவில்லை. ஆகவே தமிழ் ஊர் அன்று" என்கிறார்கள். வாதத்தின் வடிவம் சரியானது. மேஸ்திரியின் இரண்டாம் வாக்கியம் போன்றது. ஆனால் முதற் கூற்றே பிழை. படாஸ்கரின் அளவுகோல் மொழிப் பெரும்பான்மை மட்டும் அன்று. கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையும் நிலத் தொடர்ச்சியும் சேர்ந்து பார்த்தார்கள். இரண்டு நிபந்தனைகளும் கூடினால் மாறும் என்பது விதியானால், மாறாத ஊரைப் பற்றி நாம் சொல்லக்கூடியது ஒன்றே: இரண்டில் ஒன்றேனும் இல்லை. எது இல்லை என்று விதி சொல்லாது. அவ்விதியை இம்மியும் பிசகாமல் பின்பற்றினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் இதற்கு மேல் ஒரு சொல்லும் பெறமுடியாது.

திருப்பதி யாருக்கு உரியது என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. நம் வாதம் பழுதாயிருந்தால் நம் கோரிக்கையும் பழுது என்று மாற்றார் எண்ணிவிடுவார்கள் என்றே அஞ்சுகிறேன். அப்படி எண்ணுவதும் பிழைதான். பழுதான வாதத்தின் முடிவு மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பிழைக்கு வாய்ப்பளித்தவர் யார்? நாமே.

"மேடை உணர்ச்சிக்கு உரியது, தர்க்கம் வகுப்பறைக்கு உரியது" என்று சில நண்பர்கள் கூறுவார்கள். உணர்ச்சி வேண்டாம் என்று நான் கூறவில்லை. வீடு கட்ட ஆசை வேண்டும். ஆசையில்லாதவன் கடைக்கால் தோண்டமாட்டான். ஆனால் மூலையை ஆசை மட்டம் பார்க்காது. அதற்கு நூலும் டேப்பும் வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, பள்ளியில் எந்தத் தேற்றத்தைக் கற்பித்தாலும் அதன் மறுதலையையும் மாணவனே எழுதட்டும். மெய்யானால் நிறுவட்டும், பொய்யானால் ஓர் எதிர்க்காட்டு வரையட்டும். இரண்டு, தேர்வில் இதைக் கேட்கட்டும். தேற்றத்தை எழுதி மறுதலை என்று பெயரிட்டவனுக்கு மதிப்பெண் கொடுக்காதிருக்கட்டும். அது இரக்கமின்மை அன்று, கடமை. மூன்றாவது நம் மன்றத்துக்கு. அடுத்த சொற்போரில் நடுவருக்குப் பக்கத்தில் ஒரு மாணவரை அமர்த்துவோம். அவருக்கு ஒரே வேலை. எவர் பேசினாலும், எவ்வளவு கையொலி எழுந்தாலும், பேச்சு முடிந்ததும் எழுந்து, "ஐயா, நீங்கள் கூறியது தேற்றமா, மறுதலையா?" என்று கேட்க வேண்டும். முதலில் சிரிப்போம், பிறகு சினப்போம், மூன்றாம் கூட்டத்தில் நாமே திருத்திக்கொண்டு பேசுவோம்.

எங்கள் தெருவில் அந்த வீடு இப்போது கூரை வரை எழுந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் அதன் மூலைகளைப் பார்க்கிறேன். இரண்டு விரற்கடைக்காக அந்த முதியவர் முளையைப் பிடுங்கியிராவிட்டால் எவர் கண்ணுக்கும் அன்று தெரிந்திராது. சுவர் எழுந்து கூரை போடும்போது தெரிந்திருக்கும். அப்போது பிடுங்க முளை இருந்திராது.